சரக்குக்குப் போட்ட பாதை

எண்ணூரில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் 108 ஆம்புலன்ஸ் பெரும்பாலும் தெற்கு நோக்கித்தான் ஓடும். எர்ணாவூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை எல்லாம் தாண்டி, ராயபுரம் பக்கம் பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி மருத்துவமனைக்கு வர வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். கிழக்கே கடல், மேற்கே தண்டவாளம், நடுவே எண்ணூர் விரைவுச் சாலையும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிக்கும் மூச்சுத் திணறும் மனிதருக்கும் வழி ஒன்றுதான்.

வண்டி ஓட்டுபவரை 108 சேவையில் ‘பைலட்’ என்பார்கள். வடசென்னை பைலட்டின் அன்றாட எரிச்சல்களுக்குக் காரணம் இன்றைய நெரிசல் மட்டுமில்லை. இந்தக் கரையில் பாதைகள் எதற்காகப் போடப்பட்டன என்ற பழைய கதையும் அதில் இருக்கிறது.

முதலில் வந்தது மருத்துவமனை. ஹைதர் அலி படையெடுப்பின்போது பஞ்சத்தில் பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம், 1782இல் மணியக்காரர் சத்திரமாக உருப்பெற்றது. அந்த வேரிலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரிக்கு 1930களில் ஆளுநர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியின் பெயர் வந்தது. மக்கள் வாயில் அது நெடுங்காலம் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’யாகவே இருந்தது. நடக்க முடிந்தவர் நடந்து வந்தார். முடியாதவரை டோலியிலோ கட்டிலோடோ தூக்கி வந்தார்கள்.

பிறகு சரக்கு வந்தது. 1856 ஜூன் 28 அன்று ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். 1881இல் துறைமுகம், 1948இல் எண்ணூரில் இன்றைய அசோக் லேலண்டின் தொடக்கமான அசோக் மோட்டார்ஸ், 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, அடுத்து அனல்மின் நிலையம், 1983இல் துறைமுகத்துக்குள் கண்டெய்னர் முனையம், 2001இல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய தண்டவாளத்தையும் லாரியையும் கொண்டுவந்தது. நோயாளிக்கென்று தனிப் பாதை ஒன்றுகூடப் போடப்படவில்லை.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பார்த்தால் இது விளங்கும். சரக்கு ரயில் மெதுவாகத்தான் வரும், நீளமாகத்தான் வரும். கேட் விழுந்தால் சைரனுக்கு அங்கே வேலையில்லை. பக்கத்தில் போஜராஜன் நகர். சுற்றிலும் தண்டவாளம் ஓட, தீவு போலக் கிடந்த குடியிருப்பு அது. அங்கே சுரங்கப்பாதை வேண்டும் என்று மக்கள் பல ஆண்டுகள் மனு கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் நோயாளியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளம் தாண்டியவர்களின் குரல் அந்தக் கோரிக்கைக்குள் இருந்தது.

108 வருவதற்கு முந்தைய காலத்தில் ஆம்புலன்ஸை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களும் குறைவு. கை ரிக்‌ஷா 1973இல் ஒழிக்கப்படும்வரை அதுதான் ஏழை வீட்டின் ஆஸ்பத்திரி வண்டி. பிறகு சைக்கிள் ரிக்‌ஷா, ஆட்டோ. காசிமேட்டுப் பக்கம் மீன்பாடி வண்டி. பழைய இன்ஜினைப் பொருத்திய அந்த மூன்று சக்கர வண்டியில் மீன் கூடையை இறக்கிவிட்டு, பலகையில் பாய் விரித்து ஆளைப் படுக்க வைத்துக்கொண்டு பறந்தார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் உடைந்த கழுத்தை அசையாமல் பிடிக்கவோ மூச்சுக்கு ஆக்ஸிஜன் கொடுக்கவோ அந்தப் பலகையில் யாரும் இல்லை.

சிகிச்சையை நோயாளி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணத்தை, 1966இல் பெல்ஃபாஸ்ட் நகரில் இதய மருத்துவர் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் ஒரு வண்டியில் செயல்படுத்திக் காட்டினார். தமிழ்நாட்டின் தெருக்களுக்கு அது பெருமளவில் வந்து சேர 2008 செப்டம்பர் ஆகிவிட்டது. இ.எம்.ஆர்.ஐ. நிறுவனத்தோடு அரசு தொடங்கிய 108 சேவையில் காசு கேட்கப்படுவதில்லை. ஒரு வண்டிக்கு இருவர்: பைலட், அவருடன் இ.எம்.டி. எனப்படும் மருத்துவ உதவியாளர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அதை எட்டு மணி நேரமாக்க வேண்டும் என்பது தொழிலாளர்களின் பழைய கோரிக்கை.

வண்டி வந்தது, சாலை மாறவில்லை. துறைமுக வாசலில் உள்ளே விடத் தாமதமானால், டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டும். எண்ணூர், மணலி சாலைகளை அகலப்படுத்தும் திட்டம் 1990களிலேயே பேசப்பட்டு, வேலை தொடங்கியது 2011இல். துறைமுகம் – மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. 2022இல் ஈரடுக்குப் பாலமாக மறுபடி அடிக்கல். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ இரவுகள் பைலட்டுகள் லாரிகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் வண்டியை நுழைத்திருக்கிறார்கள்.

அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். காருக்கு அது பொருந்தும். நாற்பது அடி பெட்டியைச் சுமந்து, முன்னும் பின்னும் அதே மாதிரி வண்டிகள் மறித்து நிற்க, டிரெய்லர் ஓட்டுநர் எங்கே ஒதுங்குவார்? அவரும் சோறு தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் அந்த வரிசையில் கிடப்பவர்தான். இரவில் பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிறுத்திய டிரெய்லர்தான் பைலட்டுக்குப் பெரிய பயம். அடுத்தது, சைரனுக்குத் திறக்கும் வழியில் ஒட்டிக்கொண்டு பின்னாலேயே வரும் பைக்குகள். திடீரென்று பிரேக் போட்டால் அடுத்த கேஸ் அங்கேயே உருவாகும். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி அடைபட்டால், சுற்றிப் போகும் வழியும் போய்விடும்.

சாலையைத் தாண்டினாலும் வேலை முடிவதில்லை. குடிசை மாற்று வாரியம் 1970 முதல் கட்டிய பழைய அடுக்குகளில் லிஃப்ட் கிடையாது. படிக்கட்டின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. போர்வையிலோ நாற்காலியிலோ உட்கார வைத்து, மூன்றாம் மாடியிலிருந்து இருவரும் இறக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பையன்கள் கைகொடுத்தால் உண்டு. கீழே கூடி நிற்பவர்களின் முதல் கேள்வி, “ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?” என்பதுதான். கேட் விழுந்த கதையை அப்போது யாரிடம் சொல்வது? வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

இந்தத் தாமதத்தின் விலையைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய இடம் ஸ்டான்லிக்குள்ளேயே இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971இல் தொடங்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு அது. சுற்றியுள்ள ஆலைகளில் பிரஸ்ஸிலும் லேத்திலும் கையைக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பிரிவு மறுவாழ்வு தந்தது. துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். மணிக்கட்டுக்கு மேலே துண்டாகி, தசையும் சேர்ந்து போயிருந்தால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். ஆலையில் முதலுதவி, கேட், லாரி வரிசை, அறுவைக்கான ஏற்பாடு எல்லாம் அந்த ஆறு மணி நேரத்துக்குள் அடக்கம்.

ஊரே நோயாளியான இரவும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண்ணும் தொண்டையும் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் சாலைக்கு ஓடிவந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். பைக்கிலும் ஆட்டோவிலும் ஏறித் தப்பியவர்கள் ஒரு திசையில் போக, ஆம்புலன்ஸ்கள் எதிர்த்திசையில், புகை இருந்த பக்கமே போக வேண்டியிருந்தது.

ஸ்டான்லி வாசலில் நோயாளியை ஒப்படைத்த பிறகும் இருவரும் உடனே கிளம்ப முடியாது. உள்ளே போன ஸ்ட்ரெச்சர் திரும்பி வர வேண்டும். அதுவரை இ.எம்.டி. படிவத்தை எழுதி முடிக்கிறார், பைலட் தண்ணீர் ஊற்றி வண்டியின் தரையைக் கழுவுகிறார். ஸ்ட்ரெச்சர் வந்ததும் ஏற்றிக்கொண்டு வடக்கே திரும்புகிறார்கள். வரும்போது இடப்பக்கம் நின்ற லாரி வரிசை, இப்போது வலப்பக்கம் அப்படியே நிற்கிறது. கேபினில் அடுத்த அழைப்பு ஒலிக்கிறது: எர்ணாவூரில் பிரசவ வலி.