பிடியரிசி முட்டி

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அநேகமாய் விறாந்தையிலிருந்தே தொடங்குகிறார்கள். பாட்டனாரின் படமும், தோலட்டை போட்ட வேதாகமமும், பள்ளிக்கூடத்துப் பரிசுப் புத்தகங்களும் அங்கேதான் இருக்கும். நான் அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசிக் கடகத்துக்கு அருகே, வாய்விளிம்பு சற்றே உடைந்த ஒரு சிறு முட்டி இருந்தது. உலை வைத்துவிட்டு, அன்றைய சோற்றுக்கு வேண்டிய அரிசியைச் சுண்டால் அளந்து சுளகிலே கொட்டி, கல்லும் நெல்லும் பொறுக்கி முடிந்தபின், அப்பாச்சி அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, அதை அந்த முட்டிக்குள் போடுவார். அதன் பிறகுதான் மிகுதி அரிக்கஞ்சட்டிக்குப் போகும். இது காலையும் மாலையும் தவறாமல் நடந்தது. நடக்கிறதென்று எவரும் கவனித்ததில்லை.

நான் ஒருமுறை கவனித்துக் கேட்டேன். "கடகம் நிறைய அரிசி கிடக்குதெல்லோ அப்பாச்சி, அதிலையிருந்து எடுத்துப் போட்டால் என்னணை?"

"கடகத்தரிசி நாளைக்கு இருக்கிறவையின்ரை, ராசா. சுளகிலை கிடக்கிறதுதான் எங்கடை."

அந்த மறுமொழி எனக்கு விளங்க நாற்பது வருஷமாயிற்று. கடகத்திலிருந்து எடுத்துக் கொடுப்பவருக்குக் குறைவது கணக்கு. சுளகிலிருந்து எடுத்துக் கொடுப்பவருக்குக் குறைவது அன்றைய சோறு. சாறிபாத்து ஊர் விதவையின் பானையில் மிஞ்சியிருந்த ஒரு பிடி மாவைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றுள் எதுவும் இந்தச் சுளகுக்கு எட்டவில்லை.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று அறிய, 1816ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அவ்வருஷத்திலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த குருமார் யாழ்ப்பாணத்திற்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும், பறங்கியர் கட்டி ஒல்லாந்தர் கைக்கு மாறிப் பின் பாழடைந்து கிடந்த கோயில்களையும் வளவுகளையும் பெற்றுக் குடியேறினார்கள். புவர் ஐயர் தெல்லிப்பழையிலும் மெய்க்ஸ் ஐயர் வட்டுக்கோட்டையிலும் பள்ளி தொடங்கியபோது, பிள்ளைகள் எழுத்துப் படிக்க வந்தார்கள். ஆனால் உண்ண வரவில்லை. வெள்ளைக்காரர் வளவில் ஆக்கிய சோறு உள்ளே போனால் சாதி போய்விடும் என்பது அக்காலத்து வேளாளர் துணிபு. ஆகையால் வட்டுக்கோட்டையிலே விடுதிப் பிள்ளைகளுக்கென்று சமையற்கொட்டிலைப் பக்கத்துச் சைவர் ஒருவருடைய காணியில் போடவேண்டியதாயிற்று. வேதம், வானசாஸ்திரம், கணிதம் ஆகிய எல்லாம் மதிலுக்கு உள்ளே. சோறு மட்டும் மதிலுக்கு வெளியே! சுவிசேஷம் இந்த நாட்டில் எந்த இடத்தில் சோதிக்கப்படும் என்பதை அந்த மதில் முதல் நாளிலேயே காட்டிவிட்டது.

உடுவிலிலும் இதே கதைதான். 1824இல் அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி ஏற்பட்டது. ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் அதை நடத்தினார். அவருடைய விறாந்தைக்குத் தையல் பழக வந்த இரண்டு சிறுமியர், ஒரு நாள் மழையும் காற்றுமாய்ப் பிடித்துக்கொண்டதால் வீடு திரும்ப முடியாமல், பசி தாளாமல் அங்கேயே உண்டு உறங்கிப்போனதிலிருந்துதான் பெண்கள் தங்கிப் படிக்கும் வழக்கம் தொடங்கியது என்று அப்பகுதியிலே சொல்வார்கள். மழை பெய்திராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று அப்பாச்சி சிரித்துக்கொண்டு கேட்பதுண்டு. அவருடைய தாயார் உடுவிலில் எலைசா அக்னியூ அம்மையாரிடம் படித்தவர். அந்த அம்மையார் 1840இல் வந்து, ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல், 1879 வரை அப்பள்ளியை நடத்தி, தாம் கற்பித்த பெண்களின் மகள்மாருக்கும் மகள்மாரின் மகள்மாருக்கும் கற்பித்து, 1883இல் இம்மண்ணிலேயே மரித்தவர்; ஆயிரம் புத்திரிகளின் தாய் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்த ஆயிரம் பேரும் கற்றது எழுத்தும் தையலும் வேதபாடமுமாயினும், அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஆயிரம் அடுப்படிகள் என்பதைச் சரித்திரகாரர் கவனித்திருந்தால் நன்றாயிருக்கும்.

இனிப் பணத்தின் கதை. 1837இல் அமெரிக்காவிலே வங்கிகள் முறிந்து பெரும் நெருக்கடி உண்டானபோது, அங்கேயிருந்து வரும் தொகை குறைக்கப்பட்டது; இங்கே மிஷன் நடத்திய கிராமப் பள்ளிகள் பலவற்றை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பொஸ்தன் நகரத்து வியாபாரி ஒருவன் கடனாளியானால் யாழ்ப்பாணத்துப் பனங்கூடலுக்குள் ஒரு குழந்தையின் மணலெழுத்து நின்றுபோகும் என்பதை அன்றைக்குத்தான் எங்கள் ஊரார் அறிந்தார்கள். அதன்மேல் 1855இல், மிஷனை அனுப்பிய பொஸ்தன் சங்கத்தின் காரியதரிசி ரூபஸ் அண்டர்சன் இங்கே வந்து கணக்குகளைப் பார்த்தார். சுதேச சபை தன் போதகரைத் தானே போஷிக்கவேண்டும், தன்னைத் தானே ஆளவேண்டும், தானே சுவிசேஷத்தைப் பரப்பவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்த ஆண்டிலேயே மிஷனின் உயர்கல்விச்சாலையான வட்டுக்கோட்டைச் செமினரியும் மூடப்பட்டது. செமினரியை மூடியதை நான் இன்றளவும் அவருக்கு மன்னிக்கவில்லை. ஆனால் சபை தன் காலில் நிற்கவேண்டும் என்று அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை.

எந்தக் காலில் நிற்பது? யாழ்ப்பாணம் ஆறில்லாத சுண்ணக்கல் தரை. மாரி மழையை நம்பி ஒரு போகம் நெல், கிணற்றுநீர் இறைத்துப் புகையிலை. அக்காலத்தில் காசு என்பது புகையிலை திருவிதாங்கூருக்குப் போய் விலையான பின், வருஷத்தில் ஒருமுறை வரும்; வந்தவுடன் கடனுக்கும் வழக்குக்கும் போய்விடும். அது ஆண்களின் கையில் இருந்தது. தேசவழமைப்படி சீதனக் காணி பெண்ணுடையதேயாயினும், அவள் பெயரில் உறுதி இருக்கும், உறுதிப்பெட்டியின் திறப்பு அவள் கையில் இராது. அவள் ஒருவரையும் கேளாமல் நாள்தோறும் ஆளக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று: உலையில் இடும் அரிசி. போதகருக்குச் சம்பளமும், தீவுப்பகுதிகளில் ஊழியம் செய்யப் போனவர்களுக்கு வேதனமும் எங்கேயிருந்து வரும் என்று ஆண்கள் சபைக்கூட்டத்தில் தீர்மானங்கள் இயற்றிக்கொண்டிருக்க, பெண்கள் சுளகிலே கையை வைத்தார்கள். அண்டர்சனுடைய கொள்கை இங்கே பிழைத்ததற்குக் காரணம் தீர்மானங்கள் அல்ல, அந்தக் கைகளே என்பது என் துணிபு.

பிடியரிசியைக் கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்ததாக எண்ணிவிடலாகாது. மடத்துக்கும் கோயில் அன்னதானத்துக்கும் சைவ வீடுகள் பிடியரிசி எடுத்துவைப்பது தமிழ்நாட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான பழைய தருமம். கரையோரக் கத்தோலிக்க ஊர்களிலும் மீன்பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்கு உண்டு. உடுவிலில் படித்த பெண்கள் தங்கள் பாட்டிமார் மடத்துக்கு எடுத்த பிடியையே சபைக்கு எடுத்தார்கள். கை மாறவில்லை, முட்டி மாறியது. வடகிழக்கு இந்தியாவின் மிசோ மலைநாட்டிலும் 1910 முதல் கிறிஸ்தவப் பெண்கள் வேளைதோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துத் தங்கள் சபையை வளர்த்திருக்கிறார்கள். பெண்ணுக்குக் காசில்லாத நாடுகளில் இந்த எண்ணம் தானே முளைக்கும் போலும்.

சனிக்கிழமை பின்னேரம் மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு மூத்த பெண்மணி பனையோலைப் பெட்டியோடு வீடு வீடாய் வருவார். முட்டியைக் கவிழ்த்துவிட்டு ஒரு சிறு ஜெபம்; பிறகு அயல்வீட்டுப் புதினம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், முற்றத்து வேம்பின் கீழ்ப் பாய் விரித்து அத்தனை வீட்டு அரிசியையும் ஒன்றாய்க் கொட்டி அளந்து விற்பார்கள். அந்தக் குவியலை நான் இன்றும் காண்கிறேன்: மொட்டைக்கறுப்பனின் சிவப்பு, இரங்கூன் அரிசியின் மங்கல் வெள்ளை, தவிடு போகாத கைக்குத்தரிசி, ஏழை வீட்டுக் குறுநொய், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. அதிலொரு வில்லங்கம் உண்டு. அந்தக் கலப்பரிசி ஒருநாளும் ஒரே பதமாய் வேகாது. ஒன்று குழைந்துபோக ஒன்று பல்லில் கடிபடும். ஆகையால் அதைக் குறைந்த விலைக்கே கொடுப்பார்கள். வாங்குகிறவர்களும் வழக்கமாய் இல்லாதவர்களே.

எங்கள் அப்பாச்சி மட்டும், வீட்டில் நல்லரிசி இருக்கையிலேயே, மாதத்தில் ஒருமுறை அதில் ஒரு கொத்து வாங்குவார். அப்பு சாப்பிடும்போது வாயிலிருந்து ஒரு அரிசியை எடுத்துக் கோப்பை விளிம்பில் வைத்து, ஒன்றும் பேசாமல் பார்ப்பார். பேசாமல் பார்த்ததன் பொருள் வேகாத அரிசி மாத்திரம் அன்று. அந்தக் குவியலிலே எந்தெந்த வீட்டு அரிசி இருந்தது என்பதை அவர் அறிவார். அவ்வீடுகளில் சிலவற்றில் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. யாழ்ப்பாணத்து ஆசாரத்தின் சூக்ஷ்மம் இங்கேதான் இருக்கிறது: பச்சையாய் உள்ள பொருளுக்குத் தீட்டில்லை; நெருப்பிலே வெந்தபின்தான் சாதி அதைப் பிடித்துக்கொள்ளும். அரிசி கலக்கலாம், சோறு கலவாது. நூறு வருஷமாய் எங்கள் சபைகள் ஒன்றாயிருந்தது அரிசியளவில்தான் என்று சொன்னால் சிலர் வருத்தப்படுவார்கள்; ஆயினும் வாங்கிலே யார் முன்னே, யார் பின்னே, திருவிருந்துப் பாத்திரத்திலே யார் முந்தி என்ற வழக்குகள் எங்கள் காலத்திலும் தீர்ந்திருக்கவில்லை.

சோற்றைக் கலக்கத் துணிந்தவர்கள் பிற்பாடு வந்த இளைஞர்கள். ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழரும் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் சமபந்தி போசனம் நடத்தியது. 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. சர்க்கார் உதவிபெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாய் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்ற உத்தரவு இருபதுகளின் கடைசியில் வந்தபோது, அதற்கு விரோதமாய்ச் சில கொட்டில்பள்ளிகளுக்கு நெருப்பு வைத்தவர்களும் எங்கள் குடாநாட்டாரே. அப்பாச்சி இந்தச் சங்கங்களை அறியார். கலப்பரிசியை ஏன் வாங்குகிறீர்கள் என்று அம்மா ஒருமுறை கேட்டபோது, "நாங்கள் போட்டதெல்லோ, எப்படியிருக்குதெண்டு பாக்க வேண்டாமே?" என்று மாத்திரம் சொன்னார்.

பிறகு யுத்தம் வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் இரங்கூன் அரிசி நின்றது; தன் நெல்லால் தன் வயிற்றை ஒருபோதும் நிரப்பாத யாழ்ப்பாணம் கூப்பன் கடை வாசலில் வரிசையாய் நின்றது. ஒடியற்கூழும் குரக்கன் பிட்டும் வேளைச் சாப்பாடாயின. கூப்பனரிசியை அளந்தால் சுளகின் மூலைக்கும் காணாது. அந்நாட்களில் பல வீடுகளில் முட்டி ஓய்ந்தது. அதைக் குறைசொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஓயவில்லை. ஆனால் ஒரு மாற்றம் உண்டாயிற்று. ஆறு வயதுப் பையனான என்னை அப்பாச்சி அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"ராசா, இண்டையிலிருந்து நீ உன்ரை கையாலை ஒரு பிடி எடுத்துப் போடு."

என் கைப்பிடிக்குள் எத்தனை அரிசி அடங்கும்! அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். "இதென்ன மாமி, ஆண்டவரையே ஏமாத்திற வேலை?"

"என்ரை கை கணக்குப் பாக்கும், பிள்ளை. இப்ப விரிக்கச் சொன்னாலும் விரியாது. அவன்ரை கைக்கு உந்தக் கணக்கொண்டும் தெரியாது. கொள்ளக்கூடிய மட்டும் அள்ளுவான்."

அது உண்மைதான். விரல்களுக்கிடையில் வழிய வழிய அள்ளினேன். சுளகில் குறைந்ததைப் பார்த்து அம்மா பெருமூச்சு விட்டார். அன்றிரவு எல்லாருக்கும் சோறு ஒரு அகப்பை குறைந்திருக்கும். பின்னாளில் வேதாகமப் பள்ளியில் பெரிய போதகர்களிடம் காணிக்கையைப் பற்றிப் பாடம் கேட்டபோதெல்லாம், தசமபாகத்தின் கணக்கை அவர்கள் விளக்க விளக்க, என் உள்ளங்கையில் அந்தக் கூப்பனரிசியின் குறுகுறுப்பு எழும்.

1947 செப்தெம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உண்டாகி, அமெரிக்க மிஷன் சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனமாயின; வட்டுக்கோட்டைப் பழைய கோயில் பேராலயமாயிற்று; சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். ஆதீனம் என்ற சொல்லைச் சைவ மடங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், பிடியரிசியை எடுத்துக்கொண்டதுபோலவே. எங்கள் ஊரில் மாதக் காணிக்கைக்குக் கடிதவுறைகள் வந்தன. குடும்பத்துக்கு ஓர் இலக்கம், உறையின்மேல் தொகை. உத்தியோகக்காரர் பெருகிவிட்ட ஊருக்கு அதுவே இலகு. ஓலைப்பெட்டியோடு வந்த மூத்த பெண்மணியும் காலமானார். ஒரு மாரிகாலத்தில் அப்பாச்சியும் போய்விட்டார். முட்டியில் அம்மா சில காலம் பழப்புளி வைத்திருந்தார். ஒரு நாள் அது விழுந்து உடைந்தது.

அதற்குப் பல வருஷம் பின்பு விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி போடாமலே கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கி முடிந்ததும், பேச்சு நிற்காமலே, அவருடைய வலக்கை ஒரு பிடி அரிசியை அள்ளிப் பக்கவாட்டில் நீண்டது. அங்கே ஒன்றும் இல்லை. கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு அரிசியை மெல்லச் சுளகிலேயே விட்டுவிட்டு, என் மாற்றலைப் பற்றி விட்ட இடத்திலிருந்து கேட்கத் தொடங்கினார்.