ஹூக்ளிக் கரையும் கடற்படையின் விதைநெல்லும்

அலிப்பூர் என்றதும் கொல்கத்தாவில் வாழும் தமிழருக்கு நினைவில் எழுவன இரண்டு. ஒன்று, விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துச் செல்லும் மிருகக்காட்சிச் சாலை. மற்றொன்று, பெல்வடியர் வளாகத்தில் அமைந்த தேசிய நூலகம். இவ்விரண்டையும் கண்டபின் மேற்கு நோக்கிச் சிறிது தூரம் செல்வோமாயின், 1892-இல் திறக்கப்பட்ட கித்தர்பூர்க் கப்பல்துறையை அடைவோம். கடலோ அங்கிருந்து 100 மைலுக்கு அப்பால் உள்ளது. எனினும் நம் நாட்டுக் கடற்படையின் வரலாற்றில் இந்த ஆற்றங்கரைக்கு ஓர் இடம் உண்டு. அதனையே இன்று நாம் காணப் புகுகிறோம்.

உழவன் எத்துணை வறுமையுற்ற காலத்தும் விதைநெல்லைக் குற்றி உண்ணமாட்டான். அடுத்த பருவத்துக்கென அதனைக் காத்து வைப்பான். நாடுகளும் தம் படைகளுக்கு இத்தகைய விதைநெல்லைச் சேமித்து வைக்கின்றன. அதற்குச் சேமப்படை என்று பெயர். பணமிருந்தால் கப்பலை வாங்கிவிடலாம். ஆனால் அதனைச் செலுத்தும் மாலுமியை வாங்க இயலாது. அலையும் காற்றும் அறிந்த ஒருவனை உருவாக்க ஆண்டுகள் பல வேண்டும். ஆகவே, அமைதிக் காலத்தில் வேறு தொழில் புரிவோருக்குப் பயிற்சி அளித்து, போர் மூளும்போது அவர்களை அழைத்துக்கொள்வது கடல்சார் நாடுகளின் வழக்கம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழி நமக்கு எளிதில் திறக்கவில்லை. கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளவும் கயிறு இழுக்கவும் இந்தியர் வேண்டப்பட்டனர். மேல்தளத்தில் நின்று ஆணையிடும் பொறுப்பு நெடுங்காலம் அவர்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதை நாம் அறிவோம். 1908 மார்ச்சில் அவர் கைதானார். அதே ஆண்டு மே மாதத்தில் அரவிந்தர் கைதாகி, அலிப்பூர் வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. கப்பல் கம்பெனியும் சில ஆண்டுகளில் மறைந்தது. கப்பல் அதிகாரிகளாக விரும்பிய இந்திய இளைஞர்களுக்கென ‘டஃபரின்’ என்னும் பயிற்சிக் கப்பல் பம்பாயில் நிறுவப்பட்டது 1927-இல்தான்.

அக்கப்பலின் முதல் அணியில் சேர்ந்த மாணவர்களுள் ஒருவர், 1911-இல் செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி. பயிற்சி முடிந்ததும் அவரை வரவேற்றது கல்கத்தா. ஹூக்ளி ஆற்றின் அளவைப் பணியில் அவர் சேர்ந்தார். அப்பணியின் அருமையை ஹூக்ளியை அறிந்தவர் நன்கு உணர்வர். வண்டல் படிந்து படிந்து ஆற்றின் அடித்தளம் ஓயாது மாறும். சென்ற திங்களில் கப்பல் சென்ற வழியில் இத்திங்கள் மணல்திட்டு நிற்கும். ‘ஜேம்ஸ் அண்டு மேரி’ என்ற மணல்திட்டு எத்தனையோ கப்பல்களை விழுங்கியது. ஆகவே நீரின் ஆழத்தை இடைவிடாது அளந்து, வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். இத்தகைய கல்விச்சாலை கட்டாரிக்கு வாய்த்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அவர் கடற்படையின் சேமப்படையில் சேர்ந்தார். பின்னர் நிலையான கடற்படைக்கு மாறினார். 1958 ஏப்ரல் 22-ஆம் நாள் இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

அக்காலத்தில் சேமப்படை இருவகைப்பட்டது. வணிகக் கப்பல்களில் பணிபுரிந்த மாலுமிகளைக் கொண்டது ஒன்று; கரையில் வேறு தொழில் புரிந்தோரைப் புதிதாகப் பயிற்றிச் சேர்த்துக்கொண்ட தொண்டர் சேமப்படை மற்றொன்று. 1939-இல் இந்தியக் கடற்படையிடம் இருந்த போர்க்கப்பல்கள் எட்டே. போர் முடியும் தறுவாயில் 117 போர்க்கலங்களும் சுமார் 30,000 பேரும் இருந்தனர். ஆறே ஆண்டுகளில் நிகழ்ந்த இவ்வளர்ச்சியில் சேமப்படையின் பங்கு பெரிது.

அதன் ஆற்றலுக்கு ஒரு சான்று போதும். 1942 நவம்பர் 11-ஆம் நாள், ‘பெங்கால்’ என்ற சிறிய கண்ணிவாரிக் கப்பல், ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக இந்துமாக்கடலில் சென்றுகொண்டிருந்தது. அதற்குத் தலைவர் சேமப்படை அதிகாரியான வில்சன். எதிரே தோன்றியவை 10,000 டன் அளவுள்ள இரண்டு ஜப்பானியப் போர்க்கலங்கள். ‘பெங்கால்’ அஞ்சி ஓடவில்லை. எதிரியை நோக்கித் திரும்பிற்று. போரின் முடிவில் ஜப்பானியக் கலங்களுள் ஒன்றான ‘ஹோக்கோக்கு மாரு’ வெடித்து மூழ்கியது. ‘பெங்கால்’, ‘ஒண்டினா’ இரண்டும் தப்பித் துறைமுகம் சேர்ந்தன. மறு ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கித்தர்பூர்த் துறையின்மீதே குண்டு பொழிந்தன. கடற்போர் தொலைவில் நிகழ்வது என்று எண்ணியிருந்த நகரமக்கள் அதன் வெம்மையை வீட்டு வாயிலிலேயே கண்டனர்.

தொண்டர் சேமப்படையின் வழியே வந்தவர்களும் உயர்நிலை எய்தினர். கராச்சித் துறைமுகத்தில் பணிபுரிந்த இளைஞர் எஸ். எம். நந்தா 1941-இல் அதில் சேர்ந்தார். 1971 போரில் நம் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. 1979 முதல் 1982 வரை தலைமைத் தளபதியாக விளங்கிய ஆர். எல். பெரேராவும் அவ்வழி வந்தவர்தாம்.

இவ்வரலாற்றில் கசப்பான ஏடும் ஒன்று உண்டு. போருக்காக விரைந்து சேர்க்கப்பட்ட கடற்படை வீரர்கள், உணவிலும் ஊதியத்திலும் நடத்தப்பட்ட முறையிலும் வேற்றுமை கண்டு மனம் புழுங்கினர். போர் முடிந்ததும் வேலையின்றி வீடு திரும்பும் அச்சமும் அவர்களை வாட்டியது. 1946 பிப்ரவரி 18-ஆம் நாள் பம்பாயில் ‘தல்வார்’ நிலையத்தில் மூண்ட கிளர்ச்சி, கல்கத்தாவின் ‘ஹூக்ளி’ நிலையத்துக்கும் பரவியது. பயிற்சி தந்தால் போதாது. பயின்றவனுக்கு மதிப்பும் தரவேண்டும் என்பதை அது நாட்டுக்கு உணர்த்தியது.

விடுதலைக்குப் பின் விதைநெல்லைச் சேமிக்கும் முறை மாறியது. 1948-இல் தேசிய மாணவர் படை தோன்றியது. 1952-இல் அதன் கடற்படைப் பிரிவு தொடங்கியது. மேற்கு வங்கத்திலும் தமிழ்நாட்டிலும் அதன் அணிகள் உள்ளன. படகு வலித்தல், பாய் விரித்தல், கயிற்றில் முடிச்சிடுதல், கொடிகளால் செய்தி அனுப்புதல், கப்பல் மாதிரிகள் செய்தல் ஆகியவற்றை மாணவரும் மாணவியரும் பயில்கின்றனர். பயின்ற அனைவரும் கடற்படையில் சேர்வதில்லை. சேரவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆயினும் கட்டுப்பாடும், நீரைக் கண்டு அஞ்சாத நெஞ்சும், தோழனை நம்பித் துடுப்பு வலிக்கும் பழக்கமும் அவர்களுடன் வாழ்நாள் முழுதும் வருகின்றன.

அலிப்பூரின் அண்டை இடங்களும் கடலை மறக்கவில்லை. கார்டன் ரீச்சில் கட்டப்பட்ட ‘அஜய்’ என்ற போர்க்கலம் 1961-இல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. தாராதலாவில் கப்பல் பொறியாளர்களைப் பயிற்றும் கல்விக்கூடம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008-இல் நிறுவப்பெற்ற இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் வளாகமாக விளங்குகிறது. வங்கமும் தமிழகமும் இக்கல்வியால் இணைந்து நிற்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நாம், பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி எண்ணும்போது பெரும்பாலும் அலுவலக நாற்காலியையே எண்ணுகிறோம். அது குற்றமன்று. ஆயினும் செங்கல்பட்டில் பிறந்த இளைஞர் ஒருவர் இந்த ஹூக்ளியின் ஆழத்தை அளந்து, பின்னர் நாட்டின் கடற்படைக்கே தலைவரானார் என்பதையும் அவர்களுக்குச் சொல்வோம். பள்ளியில் கடற்படைப் பிரிவில் சேரட்டுமா என்று பிள்ளை கேட்கும் நாளில், வேண்டாம் என்று சொல்லுமுன் ஒருகணம் அவரை நினைப்போம்.