விசுவாசம்

வீட்டு நாய்க்கும் சொல்வார்கள், கட்சித் தொண்டருக்கும் சொல்வார்கள். 2019இல் அஜித் படம் ஒன்றுக்கே பெயரானது. தேவாலயத்துக்குள் வந்துவிட்டால் மட்டும் அது கடவுள்மேல் வைக்கும் உறுதி.

வடமொழியிலிருந்து வந்த சொல். உள்ளே ‘சுவாசம்’ ஒலிப்பது தற்செயல் அல்ல. ‘ச்வஸ்’ என்ற வேருக்கு மூச்சுவிடுதல் என்று பொருள். ‘வி’ முன்னால் சேர்ந்ததும் தாராளமாக மூச்சுவிடுதல், அச்சம் நீங்கியிருத்தல், நம்புதல் என விரிகிறது. பயந்தவனுக்கு முதலில் அடைப்பது மூச்சுதானே! புயலில் சிக்கிய படகில் சீடர்களின் பயத்தையும் விசுவாசக் குறைவையும் இயேசு ஒரே மூச்சில் கேட்கிறார். அந்தமான் நிக்கோபார் தீவுவாசிகளுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களைத் துடைத்தெறிந்தது. தப்பியவர்களில் பலரை விமானப்படை அந்தமான் விமான நிலையத்தில்தான் கொண்டுவந்து இறக்கியது. நிக்கோபாரிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நில அதிர்வுகள் நிற்கவில்லை, அச்சமும் ஒரே இரவில் விலகவில்லை. ஆனாலும் கார் நிக்கோபாரில் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள், தேவாலயங்களைத் திரும்ப எழுப்பினார்கள்.

‘விசுவாசப் பிரமாணம்’, ‘விசுவாசி’ எல்லாம் இந்தச் சொல்லின் பிள்ளைகள். புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் விசுவாசமே வழக்கு. கத்தோலிக்கர் பயன்படுத்தும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘நம்பிக்கை’ இருக்கிறது.