தலை மேலே, வால் கீழே

குருத்தோலையில் கிளி மடித்துக் கட்டும்போது தலை மேலே பார்க்க வேண்டும், வால் கீழே தொங்க வேண்டும். மாற்றிக் கட்டினால் அது சாவு வீட்டுத் தோரணம். பத்து காஜாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கோயில் வாசலில் உட்கார வைத்து எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு கிழட்டுக் கங்காணி. நான் முதன்முதலில் கட்டிய கிளியைப் பார்த்துவிட்டு, "யாருடா இங்க செத்தது?" என்றார். கூட இருந்த பையன்கள் அந்தத் திருவிழா முடியும்வரை என்னைச் 'சாவுக்கிளி' என்றே கூப்பிட்டார்கள்.

அது 1960-களின் நடுப்பகுதி. மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே லயத்துப் பிள்ளைகளுக்கு வேலை தொடங்கிவிடும். கடைத்தெருவில் வாங்கிய வண்ணத்தாள் அம்மன் சன்னதிக்கு மட்டும். லயத்துக்குப் பழைய 'தமிழ் நேசன்'தான். 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய பத்திரிகை. கிராணி வீட்டில் படித்து முடித்ததும் எங்களிடம் வரும். முக்கோணமாக வெட்டி, மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் கொடி.

பசைக்குப் பால்மரம் இருந்தது. பால்வெட்டு முடிந்து திரும்பும்போது அம்மா ஒரு மங்கில் கொஞ்சம் பால் கொண்டுவருவார். துரைக்குத் தெரிந்தால் வம்பு, முந்தானைக்குள்தான் வரும். வந்ததும் தடவிவிட வேண்டும், தாமதித்தால் உறைந்துவிடும். மாவுக்கூழ் தடவினால் எறும்பு மொய்க்கும், பாலில் அந்தத் தொல்லை இல்லை. நாள்பட்டால் தாளில் பழுப்புக் கறை ஏறும், அவ்வளவுதான். விரலில் காய்ந்த பாலை உரித்து உருட்டிப் பந்து செய்துகொள்வது எங்களுக்குக் கூலி.

எங்கள் கூட்டத்தில் கம்பத்துப் பையன் ஒருவனும் இருந்தான். நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டில் அதே குருத்தோலையில்தான் கெத்துப்பாட் கூடு பின்னுவார்கள். கிளியின் உடம்பு நெகிழாமல் இறுக்கும் வித்தை அவனிடம் கற்றது.

லயம் இருந்த இடத்திலெல்லாம் ஒரு மாரியம்மனும் இருந்தாள். கெல்லி கோட்டைக்குப் பக்கத்துக் கோயிலே சாட்சி. வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த வேலையாட்கள் காய்ச்சலில் மடியத் தொடங்கியபோது கோயில் கேட்டார்கள், துரை கட்டிக் கொடுத்தார் என்பார்கள். அங்கே சாமி சிலைகளோடு சேர்ந்து துரையும் நிற்கிறார். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை அரைகுறையாக நின்றது. கோயில் இன்றும் இருக்கிறது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின, நாங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தோம். தமிழ் நேசனும் 2019-இல் நின்றுவிட்டது. இப்போது ஈப்போ லிட்டில் இந்தியாவில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கிடைக்கிறது. கழுவி வைத்தால் அடுத்த தீபாவளிக்கும் ஆகும். எங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று தொங்குகிறது. குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அதை மாட்ட ஓர் ஆள் போதும். ஓலைத் தோரணத்துக்கு மரமேற ஒருவன், ஈர்க்கு உரிக்க ஒருவன், மடிக்க ஒருவன், கயிற்றில் கோத்துக் கட்ட ஒருவன் என்று நாலு பேர் வேண்டும். தோட்டத்து வாழ்க்கை என்றதும் கூலியும் கங்காணியின் அதட்டலும்தான் பேச்சில் வருகின்றன. கூலியே இல்லாமல் ஆசையாகச் செய்த இந்த நாலு பேர் வேலையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

தமிழ்ப்பள்ளிப் பொங்கல் விழாக்களில் தோரணம் பின்னும் போட்டி நடக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை பெயர் கொடுத்திருந்தால், முந்தின நாள் ஒரு குருத்தோலையைத் தாத்தா பாட்டி கையில் கொடுத்துப் பாருங்கள். பேரப்பிள்ளையின் பெயர் மறந்தவர்கூடக் கிளியை மடித்துவிடுவார். தலை மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.