குழுவிலிருந்து தனிக்குரலுக்கு: தமிழ் பாப் பாடகர்கள்

இசைக்குழு ஒன்றில் பாடிப் பெயர் பெற்றவர் அதைவிட்டு விலகித் தன் பெயரில் பாடத் தொடங்குவது மேலை நாட்டுப் பாப் இசையில் பழகிப்போன பாதை. மைக்கேல் ஜாக்சனும் பியான்சேவும் குழுவில் பெயர் பெற்று, அதில் இருக்கும்போதே தனி ஆல்பங்களுக்கு வந்து, பிறகு தனிப் பாடகர்களாக நிலைத்தார்கள். தமிழில் குழுவை விட்டு வருகிறவருக்குப் பெரும்பாலும் திறப்பது சினிமா ஒலிப்பதிவுக்கூடத்தின் கதவு.

தொலைக்காட்சி மூலம் குரல்களைத் தேர்ந்தெடுத்துக் குழு அமைக்கும் முறை, 2002-ல் சேனல் வி உருவாக்கிய ‘விவா’ என்ற ஐந்து பெண்கள் குழுவோடு இந்தியாவில் பரவலாகத் தெரியவந்தது. அந்த ஐவரில் ஒருவரான நேஹா பாசின், ‘சத்தம் போடாதே’ (2007) படத்தில் யுவன் சங்கர் ராஜா இசையில் பாடித் தமிழுக்கு அறிமுகமானார்.

சென்னையில் எஸ்.எஸ். மியூசிக் தொலைக்காட்சி தேடியெடுத்த குழு ‘எஸ்5’. பென்னி தயாள், சுவி சுரேஷ், பார்கவி பிள்ளை, அனைதா நாயர், அர்ஜுன் சசி ஆகிய ஐவர் ‘இசை’ என்ற ஆல்பத்தைத் தந்தார்கள். இவர்களில் நெடுந்தூரம் போனவர் பென்னி. சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘சிவாஜி’ (2007) படத்தின் ‘பல்லேலக்கா’வில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தோடு பாடினார். அடுத்த ஆண்டே இந்தியில் ‘பப்பு கான்ட் டான்ஸ்’. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வின் (2010) ‘ஓமணப் பெண்ணே’வில், கல்யாணி மேனனின் முதிர்ந்த குரலுக்கு இடம்விட்டு அவர் பாடியிருக்கும் விதம் தனியே கேட்கத் தக்கது. பிறர் குரலுக்குக் காதுகொடுத்துப் பாடும் அந்தப் பழக்கம் குழுவில் கிடைத்த பயிற்சி என்றே கொள்ளலாம். தனிப் பாடகராக நிலைத்த பின்பும் அவர் ‘ஃபங்க்சுவேஷன்’ என்ற குழுவைத் தொடங்கினார். எஸ்5-ஐ இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த ஐவரும் சேர்ந்து பாடியவை மறக்கப்பட்டிருக்க வேண்டியவை அல்ல.

மலேசியாவில் யோகி பி வேறு விதமாக விலகினார். 1990-களில் கோலாலம்பூரின் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் பல மொழிகளில் ராப் பாடியவர், பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடு ‘நட்சத்ரா’வைக் கட்டித் தமிழிலேயே ‘வல்லவன்’ (2006) ஆல்பத்தை வெளியிட்டார். அவரையும் சினிமா விடவில்லை: ‘பொல்லாதவன்’ (2007), ‘எந்திரன்’ (2010).

கோயம்புத்தூரில் நடந்தது இதற்கு நேர் எதிர். கோவையில் பிறந்து, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் பொறியியல் கல்லூரியில் படித்த ஆதி, ஜீவாவோடு சேர்ந்து நடத்திய ‘ஹிப்ஹாப் தமிழா’, ‘கிளப்புல மப்புல’ பாட்டால் இணையத்தில் பரவி, 2012-ல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தது. மேடையிலும் திரையிலும் மக்கள் கண்டது ஆதியின் முகத்தை. தனியே போக அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. இருந்தும் ‘ஆம்பள’ (2015) முதல் இசைக்கான பெயர் இருவருக்கும் பொதுவாகவே வந்தது. தன் கதையைத் தழுவி ஆதி இயக்கி நடித்த ‘மீசைய முறுக்கு’ (2017) அந்த நட்பையும் சேர்த்தே சொன்னது. அவர் இயக்கிய ‘கடைசி உலகப் போர்’ (2024) படத்திலும் இசை ஹிப்ஹாப் தமிழா என்றே இருக்கிறது.