மின் தானுந்துப் பயன்பாடு (சென்னை)

மின் தானுந்துப் பயன்பாடு என்பது, மின்கலத் தொகுதியில் சேமிக்கப்பட்ட ஆற்றலால் மட்டும் ஓடும் தானுந்தை (பேச்சு வழக்கில் எலக்ட்ரிக் கார்) வாங்கி, வைத்திருந்து, அன்றாடம் ஓட்டுவதைக் குறிக்கும். பெட்ரோல், டீசல் வண்டிகளின் இயக்கச் செலவைப் பெரும்பாலும் வண்டியும் எரிபொருள் விலையும் தீர்மானிக்கின்றன. மின் தானுந்திலோ, வண்டி இரவில் எங்கு நிற்கிறது, அங்குள்ள மின் இணைப்பு யாருடையது என்பவையே செலவையும் வசதியையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை சென்னையின் மேற்குப் புறநகர்களான கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

வரலாறு

இந்தியாவின் முதல் மின் தானுந்தாகப் பொதுவாகக் கூறப்படுவது, 1993ஆம் ஆண்டில் தில்லி வாகனக் கண்காட்சியில் வைக்கப்பட்ட லவ்பேர்ட் என்னும் இருவர் வண்டியாகும். இது கேரளத்தின் சாலக்குடியைச் சேர்ந்த எடி கரன்ட் கன்ட்ரோல்சு நிறுவனத்தின் ஆக்கம். சந்தையில் இது நிலைபெறவில்லை. பின்னர் சேத்தன் மைனி பெங்களூரில் உருவாக்கிய ரேவா 2001ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 48 வோல்ட் ஈய-அமில மின்கலத் தொகுதியைக் கொண்டிருந்த இவ்வண்டி, ஒரு மின்னேற்றத்தில் சுமார் 80 கிமீ ஓடும் எனக் கூறப்பட்டது. 2004 முதல் இலண்டன் நகரில் ஜி-விஸ் என்ற பெயரில் விற்கப்பட்டு, நெரிசல் கட்டண விலக்கின் காரணமாக அங்கு ஓரளவு புகழ் பெற்றது. இந்தியாவில் அத்தகைய சலுகை இல்லாததால் ரேவா ஆர்வலர்களின் வண்டியாகவே இருந்தது. ஈய-அமில மின்கலங்களுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டியிருந்ததும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டியிருந்ததும் உரிமையாளர்களுக்குப் பெருஞ்சுமையாயின. 2010இல் மகிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பங்கை வாங்கியது. 2013இல் இலித்தியம்-அயனி மின்கலத்துடன் இ2ஓ வெளிவந்தது.

2019 சூலையில் வெளியான ஹூண்டாய் கோனா மின் தானுந்து (39.2 கிலோவாட் மணி) பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் பூட்டப்பட்டது. நடுத்தரக் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கத்தக்க முதல் வண்டி, 2020 சனவரியில் வெளிவந்த டாடா நெக்சான் (30.2 கிலோவாட் மணி) என்று கூறலாம். 2022இல் வந்த டாடா டியாகோ விலையை மேலும் குறைத்தது. 2019 ஆகத்தில் மின் வண்டிகளுக்கான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2020 நவம்பர் முதல் சாலை வரி விலக்கு அளித்து, அதனைப் பின்னர் 2025 இறுதி வரை நீட்டித்தது.

ஓட்டும் முறை

மின் தானுந்தில் பற்சக்கர மாற்றம் இல்லை. உரசிணைப்பியும் (கிளட்ச்) இல்லை. மின்னோடி நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவதால், பாடி மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி முக்குவதில்லை. பழகாதவர்கள் முதல் நாளில் முடுக்கியைச் சற்று மிகையாக மிதித்துவிடுவதுண்டு.

முடுக்கியிலிருந்து காலை எடுத்தவுடன் மின்னோடி மின்னாக்கியாக மாறி, வண்டியின் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. இது மீளாக்க நிறுத்தம் எனப்படும். எனவே நின்று நின்று செல்லும் நகரப் போக்குவரத்தில் பெட்ரோல் வண்டி தன் மிக மோசமான மைலேஜைத் தர, மின் தானுந்து தன் சிறந்த அளவைத் தருகிறது. நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழாகும். காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக வளர்வதால், 100 கிமீ வேகத்தில் ஓட்டம் கணிசமாகக் குறைகிறது.

நெரிசலில் நிற்கும்போது மின்னோடிக்கு ஆற்றல் தேவையில்லை என்றாலும் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் அது சுமார் ஒரு கிலோவாட் எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேர நெரிசலுக்கு ஒரு யூனிட் செலவாகும். அதாவது ஆறேழு கிலோமீட்டர் ஓட்டம் குறையும். பெட்ரோல் வண்டியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய இழப்பே.

நிறுவனங்கள் அறிவிக்கும் ஓட்டத் தொலைவு ஆய்வகச் சோதனையில் பெறப்படுவது. அதனை அப்படியே நம்பி வாங்குவது தவறு. 312 கிமீ என்று அறிவிக்கப்பட்ட தொடக்ககால நெக்சான் நடைமுறையில் 200 கிமீ அளவிலேயே ஓடியது. அறிவிக்கப்பட்டதில் மூன்றில் இரண்டு பங்கைக் கணக்கில் கொள்வது பாதுகாப்பானது.

வீட்டில் மின்னேற்றுதல்

வண்டியுடன் தரப்படும் கையடக்க மின்னேற்றி, குளிர்சாதனத்துக்குப் பயன்படுத்தப்படும் 15 அல்லது 16 ஆம்பியர் செருகியில் இயங்குவது. ஏறத்தாழ 3 கிலோவாட் திறனில் இது வேலை செய்வதால், 30 கிலோவாட் மணி மின்கலம் முற்றிலும் நிரம்பப் பத்து மணி நேரம் வரை ஆகும். அன்றாடம் 30 கிமீ ஓடுபவருக்கு முழு ஏற்றம் ஒவ்வொரு நாளும் தேவையில்லை. ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் போதும்; பலர் மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறையே செருகுகின்றனர்.

நடைமுறையில் முதலில் எதிர்ப்படும் தடை புவித்தொடுப்பு (எர்த்) ஆகும். புவித்தொடுப்பு சரியில்லை என்றால் மின்னேற்றி சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். பழைய வீடுகள் பலவற்றில் புவிக்கம்பி பெயரளவில் மட்டுமே இருக்கும். விளக்கும் மின்விசிறியும் அதனைப் பொருட்படுத்தாமல் ஓடுவதால், மின் தானுந்து வாங்கிய பின்னரே குறை வெளிப்படுகிறது. சிலர் மின்னேற்றியை ஏமாற்றுவதற்காக நொதுமல் கம்பியையும் புவிக்கம்பியையும் செருகியிலேயே இணைத்துவிடுகின்றனர். இது உயிருக்கு ஆபத்தான செயல். நொதுமல் கம்பி எங்கேனும் அறுந்தால் வண்டியின் உடல் முழுவதும் மின்னேறும். புதிய புவிக்குழி தோண்டி, 4 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பியைத் தனியாக இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்னோட்டத் துண்டிப்பியைப் பொருத்துவதே முறை. நீட்டிப்புப் பலகைகள் பல மணி நேரம் தொடர்ந்து 13 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கா, உருகிவிடும்.

மின்கட்டணம்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை, படிநிலை முறையில் கணக்கிடப்படுகிறது. வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, அதற்கு மேல் 500 வரை ரூ. 6 ஆகும். 500ஐத் தாண்டினால் ரூ. 2.25 சலுகை நீங்கி, 101 முதல் 400 வரை அனைத்துக்கும் ரூ. 4.50, 501 முதல் 600 வரை ரூ. 8, 601 முதல் 800 வரை ரூ. 9, 801 முதல் 1000 வரை ரூ. 10; அதற்கும் மேல் ரூ. 11. இவை 2024இல் சற்று உயர்த்தப்பட்டன. எனினும் படிகளின் அமைப்பு மாறாததால், கீழுள்ள கணக்கு 2022 வீதங்களிலேயே தரப்படுகிறது.

கொரட்டூரிலிருந்து கிண்டி ஏறத்தாழ 15 கிமீ. நாளும் சென்று திரும்புபவர் மாதம் 22 வேலை நாள்களில் 660 கிமீ, இரு மாதங்களில் 1320 கிமீ ஓட்டுவார். மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு 6.6 கிமீ எனக் கொண்டால் 200 யூனிட் தேவை. இந்த 200 யூனிட்டின் விலை வீட்டுக்கு வீடு வேறுபடும்.

குளிர்சாதனம் இல்லாமல் இரு மாதங்களுக்கு 200 யூனிட் செலவிடும் வீட்டில் கட்டணம் ரூ. 225. வண்டி சேர்ந்து 400 யூனிட்டானால் ரூ. 1125. கூடுதல் ரூ. 900, யூனிட்டுக்கு ரூ. 4.50. ஏற்கெனவே 400 யூனிட் செலவிடும் வீட்டில் ரூ. 1125 என்பது 600 யூனிட்டில் ரூ. 2750 ஆகிறது. கூடுதல் ரூ. 1625, யூனிட்டுக்கு ரூ. 8க்குச் சற்று மேல். 500ஐத் தாண்டும்போது இழக்கும் ரூ. 225 சலுகையும் இதில் அடங்கும். இரண்டு குளிர்சாதனங்களுடன் 800 யூனிட் செலவிடும் வீட்டில் ரூ. 4550 என்பது ரூ. 6550 ஆகி, யூனிட்டுக்குச் சரியாக ரூ. 10 விழுகிறது. வண்டியும் தொலைவும் ஒன்றே. செலவு இரு மடங்குக்கும் மேல்.

ஆயினும், லிட்டருக்கு 14 கிமீ தரும் பெட்ரோல் வண்டி இதே தொலைவுக்கு 94 லிட்டர் குடிக்கும். லிட்டர் சுமார் நூறு ரூபாய் என்ற 2024ஆம் ஆண்டுச் சென்னை விலையில் அது ரூ. 9400. ஆகவே மூன்றாம் வீட்டுக்காரருக்கும் எரிபொருள் செலவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கூட ஆகாது என்னும் விளம்பரக் கணக்கு முதல் வீட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள்

கொரட்டூரில் வீட்டுவசதி வாரியத் தனிமனைகளில் வாகன முற்றமும் சொந்த மின்னளவியும் உள்ளவர்களுக்கு மேற்கூறியவை நேரடியாகப் பொருந்தும். அத்தகைய மனைகள் பலவும் இன்று தூண்தளத்துடன் கூடிய மூன்று மாடிக் குடியிருப்புகளாக மாறிவிட்டன. அங்குச் சிக்கல் மின்சாரம் பற்றியது அன்று, அண்டை வீட்டார் பற்றியது.

பொதுவான மின்னளவிப் பலகை தரைத்தளத்தில் இருப்பதால், ஒருவர் தம் சொந்த அளவியிலிருந்து தம் வண்டி நிறுத்துமிடத்திற்குக் கம்பி இழுப்பது தொழில்நுட்ப அளவில் எளிது. பொதுச் சுவரில் கம்பி ஓடுவதற்குச் சங்கத்தின் இசைவு வேண்டும். தீப்பற்றும் என்ற அச்சம் காரணமாக அது பல இடங்களில் மறுக்கப்படுகிறது. நடுவண் அரசின் மின்துறை 2018 திசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வீடுகளிலும் அலுவலகங்களிலும் சொந்த மின்னேற்றத்தை அனுமதித்து, மின் பகிர்மான நிறுவனங்கள் அதற்கு உதவலாம் என்கின்றன. சுவரில் கம்பி இழுக்கும் சண்டையை அவை தீர்த்துவைப்பதில்லை. பொது இணைப்பிலிருந்து ஏற்றினால் படிநிலைக் கட்டணம் பொருந்தாது. 2022 கட்டணத்தில் அது யூனிட்டுக்கு ரூ. 8. பொறுப்பைப் பிரித்துக்கொள்ளத் துணை அளவி ஒன்றைப் பொருத்துவது நலம்.

வாடகைக்குக் குடியிருப்போர் நிலை இன்னும் கடினமானது. வீட்டு உரிமையாளர் ஒரே இணைப்பில் துணை அளவி வைத்து, தாம் விரும்பும் வீதத்தில் வசூலிக்கும் வழக்கம் சென்னையில் பரவலானது. அவ்விடத்தில் இலவச 100 யூனிட்டும் குடியிருப்பவரைச் சேர்வதில்லை. புவித்தொடுப்புக்கும் கம்பிக்கும் செலவிட்டபின் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் அச்செலவும் வீணாகும். தெருவில் வண்டியை நிறுத்துவோர் பொது விரைவு மின்னேற்றிகளையே முழுதும் நம்ப வேண்டும். அவற்றில் வரியுடன் யூனிட்டுக்கு 20 ரூபாய் அளவிலோ அதற்கு மேலோ ஆவதால், பெட்ரோலுடனான வேறுபாடு பெரிதும் சுருங்குகிறது. இந்நிலையில் இருப்பவர் மின் தானுந்து வாங்குவதைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை.

மழையும் வெள்ளமும்

கொரட்டூர் ஏரியை ஒட்டிய தெருக்கள் 2015 திசம்பரிலும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் நீரில் மூழ்கின. தற்கால மின்கலத் தொகுதிகள் பெரும்பாலும் ஐபி67 தரத்தில் அடைக்கப்பட்டவை. இத்தரம் ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடங்கள் தாங்குவதைக் குறிக்கும். தேங்கிய நீரில் இரண்டு நாள் நிற்பதை அன்று. பெட்ரோல் வண்டியில் காற்றுக்குழாய் வழியே நீர் புகுந்து இயந்திரம் உடையும் ஆபத்து இதில் இல்லை என்பது உண்மையே. நீரில் நின்ற வண்டியை மின்னேற்றவோ இயக்கவோ கூடாது. பணிமனையில் காப்பு மின்தடையை அளந்த பின்னரே தொட வேண்டும்.

வெள்ளத்தின்போது பாதுகாப்பு கருதி மின்வழங்கல் பல நாள்கள் நிறுத்தப்படுவதும் உண்டு. ஆதலால் புயல் எச்சரிக்கை வந்தவுடன் வண்டியை முழுதும் மின்னேற்றி, மேடான இடத்தில் நிறுத்துவது இப்பகுதியினரின் வழக்கமாக வேண்டும்.

பராமரிப்பு

பாடியில் 1961இல் நிறுவப்பட்ட லூகாசு டிவிஎசு ஆலை பெயர் பெற்றது தொடக்கி மின்னோடி, மின்னாக்கி ஆகியவற்றால். மின் தானுந்தில் இவ்விரண்டும் இல்லை. எந்திர எண்ணெய், தீப்பொறிச் செருகி, புகைபோக்கி ஆகியனவும் இல்லை. நிறுத்திக் கட்டைகள் மெதுவாகவே தேய்கின்றன. எடை மிகுதியாலும் உடனடி முறுக்குவிசையாலும் வட்டகைகள் (டயர்கள்) விரைவில் தேய்கின்றன. பெரிய மின்கலத் தொகுதி நிறைந்திருந்தும், விளக்குகளையும் கணினியையும் இயக்கும் சிறிய 12 வோல்ட் மின்கலம் செத்துவிட்டால் வண்டி உயிர் பெறாது என்பது பலர் அறியாத செய்தி.

பெரும்பாலான நிறுவனங்கள் மின்கலத் தொகுதிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிமீ உறுதி அளிக்கின்றன. தொடர்ந்து நூறு விழுக்காடு வரை ஏற்றி வெயிலில் நிறுத்துவது, குறிப்பாக நிக்கல் கலந்த வகை மின்கலங்களின் ஆயுளைக் குறைக்கும். இலித்தியம் இரும்பு பாசுபேட்டு வகை வெப்பத்தை நன்கு தாங்கும். அதனை அவ்வப்போது முழுதும் ஏற்றினால்தான் ஏற்ற அளவைக் காட்டும் முள் சரியாக இருக்கும். பயன்படுத்திய மின் தானுந்தை வாங்குவோர், ஓடிய தொலைவைவிட மின்கலத்தின் நலநிலை விழுக்காட்டைக் காட்டும் பணிமனை அறிக்கையையே முதலில் கேட்டுப் பெற வேண்டும். முதல் உரிமையாளருக்கு அளிக்கப்பட்ட உறுதி அடுத்தவருக்கும் முழுமையாகத் தொடருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்.