வருவாய்க்கு முந்தைய ஆண்டுகள்: ஐ.எம்.டி.பி. வளர்ந்த வரலாறு

இணையதளம் என்றாலே வருமானத்துக்கான வழி என்று எண்ணும் வழக்கம் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகே பரவியது. அதற்கு முன்பு, அமெரிக்காவில் இணையத்தின் முதன்மைத் தடமாக விளங்கிய என்.எஸ்.எஃப்.நெட் என்னும் வலையமைப்பு கல்விக்கும் ஆய்வுக்குமே உரியதாக இருந்ததாலும், 1995 ஏப்ரலில் அது விலக்கிக்கொள்ளப்படும்வரை வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடுகள் நீடித்ததாலும், இணையத்தில் ஒன்றை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் அது பிறருக்குப் பயன்பட வேண்டும் என்ற நோக்கத்துடனேயே உழைத்தனர். அக்காலத்தில் தோன்றி இன்றுவரை நிலைத்திருக்கும் திரைப்படத் தரவுத்தளமான ஐ.எம்.டி.பி.யின் தொடக்க வரலாறு, பயனை முதலிலும் வருவாயைப் பின்னரும் வைத்த உழைப்பு எவ்வாறு நடந்தேறியது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1980களின் இறுதியில், ஒரே துறையில் ஆர்வமுள்ளோர் எழுத்துவழிக் கருத்துப் பரிமாறிக்கொள்வதற்கென யூஸ்நெட் என்னும் அமைப்பில் செய்திக்குழுக்கள் பல இயங்கின. திரைப்படங்களுக்கான செய்திக்குழுவைச் சேர்ந்தோர் நடிகையர், நடிகர், இயக்குநர், மறைந்த கலைஞர் எனத் தனித்தனிப் பட்டியல்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்று, புதிய தகவல் வரும்போதெல்லாம் திருத்தி வெளியிட்டு வந்தனர். பட்டியல்கள் பெருகியபோதும் அவற்றைப் பயன்படுத்துவது எளிதாக இல்லை. ஒரு குறிப்பிட்ட நடிகரும் ஒரு குறிப்பிட்ட இயக்குநரும் சேர்ந்து பணியாற்றிய படங்களை அறிய விரும்பியவர், இரு பட்டியல்களையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட வேண்டியிருந்தது.

இக்குறையைத் தீர்த்தவர், பிரிஸ்டல் நகரில் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தில் பணியாற்றிய கோல் நீடம் என்ற ஆங்கிலேயக் கணினிப் பொறியாளர். தாம் பார்த்த படங்களின் விவரங்களை ஏற்கெனவே கணினியில் சேர்த்துவைத்திருந்த அவர், அப்பட்டியல்களை ஒன்றிணைத்துத் தேடக்கூடிய சிறு நிரல்களை யூனிக்ஸ் இயங்குதளத்துக்கென எழுதி, 1990 அக்டோபர் 17 அன்று அக்குழுவில் இலவசமாக வெளியிட்டார். ஒரு கலைஞரின் பெயரைத் தட்டச்சு செய்தவுடன் அக்கலைஞர் பங்கேற்ற படங்கள் திரையில் வரிசையாகத் தோன்றும் வசதி அதனால் கிடைத்தது. பயன் கண்ணுக்குத் தெரிந்ததும், விடுபட்ட பெயர்களை எழுதி அனுப்புவோரின் எண்ணிக்கையும் கூடியது.

உலகளாவிய வலை பரவத் தொடங்கிய 1993ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான ராப் ஹார்ட்டில் இத்தொகுப்புக்கு வலைமுகப்பை அமைத்தார். தளம் அப்பல்கலைக்கழகத்தின் கணினித் துறை வழங்கியில், அதாவது பிற கணினிகளின் கோரிக்கைகளுக்கு விடையனுப்பும் கணினியில், இடம்பெற்றது. நாடுவோர் பெருகி ஒரே வழங்கியால் சுமை தாங்க முடியாதபோது, அதே தரவின் நகலை வேறிடத்தில் வைத்து இயக்கும் கண்ணாடித் தளங்கள் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எழுந்தன.

இவ்வளவு காலம் வருவாயின்றி உழைப்பது இவர்களுக்கு எவ்வாறு இயன்றது என்ற கேள்விக்கு விடை, அவர்களது மன உறுதியில் மட்டுமன்றி, அவர்கள் வாழ்ந்த சூழலிலும் இருக்கிறது. நீடத்துக்கு வேறு வேலையில் ஊதியம் கிடைத்தது. வழங்கிச் செலவைப் பல்கலைக்கழகங்கள் ஏற்றன. தகவல் திரட்டும் உழைப்பை நூற்றுக்கணக்கான ஆர்வலர்கள் பகிர்ந்துகொண்டனர். பொறுமைக்கு இவ்வாறு பொருளியல் அடித்தளம் இருந்ததால், அரைகுறையான தொகுப்பை அவசரப்பட்டு விற்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு எழவில்லை.

ஓய்வுநேர உழைப்பும் இரவல் வழங்கிகளும் போதாமற்போன நிலையில்தான், 1996 ஜனவரியில் ஐ.எம்.டி.பி. ஒரு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. பட்டியல்களைப் பேணிவந்தவர்களே அதன் பங்குதாரர்களாயினர். விளம்பரங்களும், தரவைப் பிற நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணத்துக்கு வழங்குவதும் வருவாய் வழிகளாயின. தளத்தில் தகவல் தேடிய வாசகரிடம் கட்டணம் கேட்கப்படவில்லை. 1998இல் அமேசான் நிறுவனம் இதை வாங்கியது. ஒளிநாடாக்களையும் டி.வி.டி.களையும் விற்கத் திட்டமிட்ட அந்நிறுவனத்துக்கு, திரைப்பட ஆர்வலர்கள் நாள்தோறும் நாடிவரும் ஓரிடம் பெருமதிப்புடையதாக இருந்தது. 2002இல் திரைத்துறையினருக்கெனத் தனிச் சந்தாச் சேவை தொடங்கப்பட்டபோதும் பொதுவாசகருக்கான தளம் இலவசமாகவே தொடர்ந்தது.

இதே முறையில் வளர்ந்து வேறு விளைவைச் சந்தித்த முயற்சியொன்றும் அக்காலத்திலேயே உண்டு. இசைக் குறுந்தகடுகள் பெரும்பாலானவற்றில் பாடல்களின் பெயர்கள் பதிவாகியிரா. ஆதலால், பாடல்கள் தொடங்கும் நேரங்களின் வரிசையைக்கொண்டு தகட்டை அடையாளங்கண்டு பெயர்களைக் காட்டும் சி.டி.டி.பி. என்னும் தரவுத்தளம் 1990களில் உருவானது. அதன் பதிவுகளைப் பயனர்களே தட்டச்சு செய்து நிரப்பினர். 1998இல் வணிக நிறுவனமொன்றின் கைக்கு மாறிப் பின்னர் கிரேஸ்நோட் எனப் பெயர் பெற்ற அது, உரிமம் பெற்ற மென்பொருள்களுக்கு மட்டுமே இடமளிக்கத் தொடங்கியபோது, தங்கள் உழைப்பு தங்களுக்கே மறுக்கப்படுவதாக உணர்ந்தோர் ஃப்ரீடிபி, மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற மாற்றுத் தளங்களை நாடினர்.

வணிக அளவில் கிரேஸ்நோட்டும் வெற்றி பெற்றது என்பதால், பொறுமை காத்தால் பணம் வரும் என்பது மட்டுமே இவ்விரு வரலாறுகளின் பாடமாகாது. நீண்டகால இலவச உழைப்பு ஒரு தளத்துக்குச் சேர்த்துத் தரும் முதல், தரவோடு முடிவதில்லை. அதைத் தந்தோரும் பயன்படுத்துவோரும் கொண்டுள்ள நம்பிக்கையும் அம்முதலில் அடங்கும். வருவாய் தேடும் காலம் வரும்போது, அத்தரவால் தொழில் செய்து ஆதாயம் பெறுவோரிடம் கட்டணம் பெற்று, அதை வளர்த்தவர்களுக்குக் கதவைத் திறந்தே வைக்கும் தளம் அந்நம்பிக்கையைக் காத்துக்கொள்கிறது. எனவே காத்திருந்த ஆண்டுகளில் காட்டிய அதே நிதானம், சம்பாதிக்கத் தொடங்கும் முதல் ஆண்டிலும் தேவைப்படுகிறது.